தங்கைக்கு வந்த வாக்குச்சீட்டு

நானும் தங்கையும் ஒரே வருடத்தில்தான் சுவிசுக்கு வந்தோம். எனக்கு பேர்ண் மாநிலத்தில் இடம் கொடுத்தார்கள். அவளுக்கு நொய்சாத்தல் மாநிலத்தில். நான் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். அவள் லா ஷோ-து-ஃபோனில் கைக்கடிகாரங்களுக்கு முள் பூட்டுகிறாள். இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் சி பெர்மிட்தான். குடியுரிமைக்கு இருவருமே எழுதிப் போடவில்லை.

கடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு ஒரு கிழமை முன்பு, சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் வாக்குச்சீட்டை விரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, மேலவைக்கு ஆரைப் போடலாம், சொல்லு பாப்பம்."

"உனக்கெப்பிடி வோட்? நீ சுவிஸ்காரியோ?"

"கீழவைக்கு ஏலாது. மேலவைக்கு எங்கட மாநிலம் வெளிநாட்டாக்களையும் வோட் போட விடுது. சி பெர்மிட்டும் இஞ்ச அஞ்சு வருசமும் இருந்தாக் காணும். உங்கட மாநிலத்தில அப்பிடி இல்லையோ?"

தெரியாமல்தான் கேட்டாள். எனக்கோ வேண்டுமென்றே கேட்டது போலிருந்தது. அந்த மேலவை கூடுவது பேர்ணில். தினமும் ட்ராமில் அந்தப் பாராளுமன்றக் கட்டடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். என் மாநிலம் எவ்வளவு பெரியது! ஆனாலும் எங்களுக்கும் இரண்டு ஆசனம், அவளுடைய சின்ன மாநிலத்துக்கும் இரண்டு ஆசனம். தன் மாநிலத்தின் இரண்டு பேரை அனுப்புவதில் அவளுக்குப் பங்கு இருக்கிறது, என் மாநிலத்தில் எனக்கு இல்லை.

"ஆரையாவது போடு," என்றேன்.

அவள் ஒவ்வொரு பெயராக வாசித்து, யோசித்து, ஒரு பெண்ணுக்குப் போட்டாள். கையெழுத்து வைத்து உறையை ஒட்டினாள். நான் புறப்படும்போது, "ஸ்டேஷனில தபாற்பெட்டி இருக்கு, போட்டுவிடு அக்கா," என்று கையில் தந்தாள்.

பெட்டியைப் பார்த்தேன். போடவில்லை. ரயிலில் உறை மடியில் கிடந்தது. திறக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

திங்கட்கிழமை சமையலறையில் என்னோடு கிழங்கு உரிக்கும் சுவிஸ் அம்மாவிடம் மேலவையைப் பற்றிக் கேட்டேன். முந்தி பேர்ணின் இரண்டு பேரையும் மாநிலப் பாராளுமன்றமே தெரிவு செய்து அனுப்பியதாம். சனங்களின் கைக்கு அந்த வாக்கு வந்தது பிறகுதானாம். "இப்ப நாங்கள்தான் தெரிவு செய்கிறோம்," என்று ஜெர்மனில் பெருமையாகச் சொன்னார். அந்த 'நாங்கள்' என்னை இன்னும் எரித்தது.

புதன்கிழமை தங்கை போன் எடுத்தாள். "போட்டனியோ?"

"ஓம்."

பொய் சொன்ன பிறகு நித்திரை வரவில்லை. வியாழன் காலை, வேலைக்குப் போகும் வழியில் உறையைத் தபாலில் சேர்த்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

வாக்குகளை எண்ணி முடித்த அன்று அவள் போனில் சந்தோசமாகக் கதைத்தாள். என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ஏனக்கா? எரிச்சலோ?"

"ஓம்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது?"

போனை வைத்துவிட்டாள். மூன்று மாதம் கதைக்கவில்லை. பிறகு தைப்பொங்கலுக்கு அவளே வந்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் "எங்கட மேலவை ஆக்கள்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இப்போதும் எரியத்தான் செய்கிறது. குடியுரிமைக்கான ஜெர்மன் சோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.