இழை வராத தட்டு

கிருமி ஆய்வகத்தில் உதவியாளன் என்றால் பாதி நாள் குப்பி கழுவுவது, மீதி நாள் கழுவிய குப்பியை மறுபடி கழுவுவது. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு சின்ன விவசாய ஆய்வகத்தில் எனக்கு அதுதான் வேலை. உருளைக்கிழங்குச் செடியை வாட்டிக் கொல்லும் கிருமி விதைக்கிழங்கில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் சோலி.

ஜீப்பும் கிருமியும்

சோதனை எளிது. தட்டில் வளர்த்த கிருமியைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி காரக் கரைசலோடு கலக்கி, ஊசியால் மெல்லத் தூக்க வேண்டும். வாடல் கிருமியாக இருந்தால் அதன் தோல் உடைந்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து, ஊசியோடு இழையாக எழும்பும். அந்தக் கிழங்கை நடக் கூடாது. சாதுவான மண் கிருமிகளுக்குத் தோல் தடிப்பு, இழை வராது.

எங்கள் ஜீப் டிரைவர் இப்ராகிம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். கிருமிக்குள் இருக்கும் இழை கிருமியைவிட ஆயிரம் மடங்கு நீளம் என்றேன். கயிற்றை முறுக்கிக்கொண்டே போனால் தன் மேலேயே சுருண்டுகொள்ளுமே, அப்படிச் சுருண்டு, வளையம் வளையமாக மடிந்து, அங்கங்கே புரதம் பிடித்துக்கொள்ள, உள்ளே அடங்கிக் கிடக்கிறது என்றேன். "அண்ணே, என் ஜீப்புல பதினாலு பேரை அடைக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது, இதை எவன்ணே ஏத்துனான்?" என்றார்.

மூன்று துளி

செல்வமணியக்கா கிளாவரை கிராமத்திலிருந்து மாதிரிக்கு ஒரு பை கிழங்கோடு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அரை ஏக்கர் குத்தகை. போன வருசம் வேறொரு குத்தகை நிலத்தில் செடி வாடி, பாதி விளைச்சல் போய்விட்டது. மிஞ்சியதில் எடுத்து வைத்த விதைதான் அந்தக் கிழங்கு. வேறு விதை கிடையாது.

கிழங்கிலிருந்து எடுத்த கிருமி தட்டில் வளர்ந்ததும் சோதித்தேன். இழை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. முடிவு கேட்டு மறுபடி வந்தவரிடம், பயமில்லாமல் நடுங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "ஒங்க வாயால வந்தது போதும் சார், நாளைக்கு வெள்ளனே நட்டுர்றேன்" என்றார்.

தோண்டிய நாள்

இரண்டு நாள் கழித்து, வாடல் நோயில் செத்ததென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு செடியின் கிருமியைச் சோதித்தேன். அதிலும் இழை வரவில்லை. ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தேன். காரம் விடும் சொட்டுக்குழாயின் நுனி முறிந்திருந்தது. ஒரு துளி என்று நினைத்து நான் விட்டதெல்லாம் மூன்று துளி. அவ்வளவு தண்ணீரில் இழை கரைந்து, ஊசியில் நிற்காமல் போயிருக்கிறது. குச்சி நுனியால் ஒரே ஒரு துளி தொட்டு வைத்து அக்காவின் தட்டைச் சோதித்தேன். விரல்கடை உயரத்துக்கு இழை எழும்பியது. அட பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் இப்ராகிம் ஜீப்பை எடுத்தார். கிளாவரையில் அக்கா நட்டு முடித்துவிட்டார். கிருமிக்குள் மடிந்து கிடக்கும் இழையிலிருந்து முறிந்த குழாய்வரை நான் உள்ளதைச் சொன்னேன். நோய் மண்ணில் இறங்குமுன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "கப்பலேறும்போது ஆளுக்கு இவ்வளவுதான்னாங்க, தோட்டத்து லயத்து வீட்டுல இருந்ததையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ள மடிச்சு அடைச்சேன். இந்தக் கிருமியும் என்னையப் போலத்தான் போலருக்கு" என்று மண்வெட்டியை எடுத்தார்.

மூன்று பேரும் பொழுது சாயும்வரை தோண்டினோம். மூட்டையைக் கட்டிவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த வருசமும் கொண்டாருவேன் சார். ஆனா மொதல்ல ஒங்க மருந்தைச் சோதிங்க, அப்புறம் என் கெழங்கைத் தொடுங்க."

என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் உருப்படியாகக் கற்றது ஒரு துளி என்றால் எவ்வளவு என்பதுதான், அதற்கும் செல்வமணியக்கா நட்ட அத்தனையையும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.