அப்பாவின் பிஸ்டோல்

லேயாவின் கழுத்தில் ஒரு மான் பல் தொங்கியது. வெள்ளிச் சங்கிலியில் கோத்தது, என் சுண்டுவிரல் நகத்தளவு, ஓரத்தில் தேயிலைக் கறை போல ஒரு பழுப்பு. அவளுடைய அப்பா சுட்ட மானின் பல். இரண்டாம் வகுப்பு முழுவதும் அந்தப் பல்லைப் பார்த்துப் பார்த்து நான் வயிறெரிந்தேன். இவ்வளவு வருடம் கழித்தும், நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒன்றைக் கண்டால் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

நாங்கள் சுவிஸில், கூர் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையூரில் இருந்தோம். அங்கே செப்டெம்பர் வேட்டை மாதம். செப்டெம்பரில் வீட்டுக் குழாய் உடைந்தால் திருத்துகிறவர் ஒக்டோபரில்தான் வருவார். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாமார் தொப்பி போட்டுக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வட்டமாக இருந்து, சனி ஞாயிறு என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு என்மேல் இரக்கமே இல்லை. விடியுமுன் அப்பாவோடு மலைக்குப் போனதையும், வாயைத் திறக்காமல் காத்திருந்ததையும், கடைசியில் மான் விழுந்ததையும் லேயா சொல்வாள். வகுப்பு மூச்சு விடாமல் கேட்கும். பிறகு என் முறை வரும். திரிம்பாக்கில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போனோம், திரும்பி வரும்போது காரில் சத்தி எடுத்தேன் என்று சொல்வேன். போன மாதமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

என் கழுத்திலும் ஒன்று தொங்காமல் இல்லை. பஞ்சாயுதம். பிறந்த முப்பத்தோராம் நாள் போட்டது. வயது கடந்தும் அம்மா கழற்ற விடவில்லை. ஒரு தங்கத் தகட்டில் வாள், வில், கதை, சக்கரம், சங்கு என்று ஐந்து ஆயுதங்கள். ஐந்தும் மிளகை விடச் சிறியவை. அவற்றை வைத்து ஒரு எறும்பைக்கூடச் சுட்டுவிட முடியாது.

லேயா வீட்டில் நான்கு வேட்டைத் துவக்குகள் இருந்தன. அவற்றுக்கென்று இரும்பு அலுமாரி, அதற்குப் பூட்டும் திறப்பும், தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, அதற்கு வேறு திறப்பு. இதெல்லாம் லேயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பிறந்தநாளுக்கு என்னை அழைத்தபோது அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

"துவக்கு இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையை விடேலாது."

"அவையள் மானைத்தானேப்பா சுடினம்," என்றார் அம்மா.

"பாதுகாப்புக்கு எண்டுதான் எல்லாரும் வேண்டுறது. பிறகு, ஆரிட்டையிருந்து பாதுகாக்கிறது எண்டு ஆளைத் தேடுவினம்."

போருக்குள் வளர்ந்த அப்பாவின் அனுபவத்தில் துவக்கு வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று ஆமி, மற்றது ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம். பாணும் சீஸும் கட்டிக்கொண்டுபோய்க் குளிரில் காத்திருந்து, பாதி நாள் வெறுங்கையோடு திரும்பி வருகிற மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், லேயாவின் அப்பாதான் எங்கள் தபால்காரர். தினமும் காலையில் அவர் கையிலிருந்து கடிதங்களை வாங்கி, சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்பவர் என் அப்பா. மஞ்சள் வண்டியில் வரும்போது அவர் நல்ல மனிதர். பச்சைத் தொப்பியைப் போட்டால் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது.

எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்டோல் இருந்தது. அப்பா பெயின்ற் அடிக்கும் கம்பனியில் வேலை. சுவருக்குப் பெயின்ற் விசிறும் கருவிக்கு ஜெர்மன் மொழியில் ‘ஸ்ப்ரிட்ஸ்பிஸ்டோலே’ என்று பெயர். அவ்வளவு நீளத்தை வாய்க்குள் வைத்திருக்க முடியாமல் அப்பா வீட்டில் அதைப் பிஸ்டோல் என்றே சொல்லுவார். வேலையிடத்துப் பெடியள் சரியாகக் கழுவுவதில்லை என்று தினமும் மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பல் பிரஷ்ஷால் பல்கனியில் வைத்துத் தேய்ப்பார். துடைத்து, தான் உடுத்திக் கிழிந்த சாரத்தில் சுற்றி, அலுமாரிக்கு மேல் வைப்பார். நான் தொடக்கூடாது. என்னிடம் காட்டாத அக்கறையெல்லாம் அதற்குக் கிடைத்தது. அதன்மீதும் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

மூன்றாம் வகுப்புத் தொடங்கியபின், செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை லேயா தொப்பியில் செருகும் பைன் கிளை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மானை வீழ்த்தியவருக்கு மற்ற வேட்டைக்காரர்கள் கொடுப்பது. கிளை கை மாறிக் கை மாறி வட்டத்தைச் சுற்றி வந்தது. என் கைக்கு வருமுன்பே பக்கத்தில் இருந்தவன் அதை மறுபக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"எங்கள் அப்பாவிடமும் ஒரு பிஸ்டோல் இருக்கிறது," என்றேன்.

வகுப்பு என் பக்கம் திரும்பியது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. ஆசிரியை மட்டும் கையிலிருந்த புத்தகத்தை மடியில் வைத்தார். அதை எங்கே வைத்திருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். அலுமாரிக்கு மேல், துணியில் சுற்றி என்றேன். பூட்டியா என்றார். இல்லை என்றேன். அதை வைத்து என்ன செய்வார் என்றார். தினமும் வேலைக்குக் கொண்டுபோவார், போன கிழமை ஒரு ஹோட்டலையே முடித்துவிட்டார் என்றேன். அப்பா வீட்டில் சொன்ன வார்த்தை அது. ஒன்றுகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று ஆசிரியை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

அந்த வருடம் அப்பா சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். நவம்பரில் ஊர் அலுவலகத்தில் நேர்காணல். ஆறுகளின் பெயர், கன்ரோன் என்கிற மாநிலங்களின் பெயர், அமைச்சர்களின் பெயர் என்று சாப்பிடும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பொலிசில் பெயர் ஒருமுறை அடிபட்டால் எல்லாம் போச்சு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் நாங்கள், சத்தம் போடத் தடையுள்ள ஞாயிற்றுக்கிழமையில் வெற்றுப் போத்தலைத் தொட்டிக்குள் போடுவதில்லை. நடைபாதையில் நான் சைக்கிள் ஓட்டக்கூடாது. மாமி வீட்டார் வந்தால் அம்மா முதலில் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் அவர்களைச் சிரிக்க விடுவார்.

அடுத்த நாள் அப்பா வேலையால் வந்து, பிஸ்டோலைத் தேய்த்து வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் ஒரு ஆணும் பெண்ணுமாக இரண்டு பொலிசார். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்கள். அது அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது. அப்பாவோடு மேசையில் இருந்தார்கள். வீட்டில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை என்று அப்பா நேர்காணலுக்குப் பழகிய குரலில் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வேறு மாதிரிச் சொன்னாளே என்றார் அவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அலுமாரிக்கு மேலே காட்டினேன்.

அப்பா எழும்பப் போனார். "நீங்கள் இருங்கள்," என்று சொல்லிவிட்டு அந்த ஆண் பொலிஸ் தானே எழுந்து போனார். அப்பா இருந்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, விரல்களை விரித்துக்கொண்டார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. நகத்தில் இருந்த வெள்ளைப் பெயின்ற்றைக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன்.

மேசைமேல் சாரம் அவிழ்ந்தது. மூக்கில் தேய்த்தும் போகாத பெயின்ற்றோடு பிஸ்டோல் வெளியே வந்தது. அந்தப் பொலிஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அப்பாவும் சிரித்தார். அந்தப் பெண் குனிந்து, வேறு ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் விளையாட்டாகக் கேட்டார். நான் சட்டைக்குள்ளிருந்து பஞ்சாயுதத்தை எடுத்து, இதில் ஐந்து இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். சங்கும் ஆயுதமா என்று கேட்டார். ஓம் என்றேன், தமிழிலேயே.

அம்மா தேநீரும் றோல்ஸும் வைத்தார். இரண்டு பேரும் காரம் தாங்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். வந்ததற்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று, எல்லா அறைகளையும், உடுப்பு அலுமாரியையும், சாமித் தட்டுக்குக் கீழே இருந்த பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். அவர்கள் போனபிறகு யாரும் என்னை ஏசவில்லை. ஏச்சு வரும் என்று காத்திருந்து அலுத்துவிட்டேன். அப்பா பல்கனிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பிஸ்டோலைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனி உந்தப் பிஸ்டோலை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ," என்றார் அம்மா.

"ஓம், கொண்டு வரேல்லை," என்றார் அப்பா. பிறகு கொண்டு வரவே இல்லை. அதன் பெயரையும் அவர் வாயில் நான் கேட்கவில்லை. அந்தச் சாமான் என்பார்.

மறுநாள் திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. இடைவேளைக்கு முன்பே எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்த கதையை வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். அவர்களுடைய இடுப்பில் உண்மையான பிஸ்டோல் இருந்தது, எங்கள் வீட்டு றோல்ஸைச் சாப்பிட்டார்கள், எல்லா அலுமாரியையும் திறந்து பார்த்தார்கள். லேயா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் நான் பார்த்தது என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும்; அந்த நோயில் ஒரு வருடம் கிடந்தவள் நான்.

"எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை," என்றாள். பிறகு தானாகவே மான் பல்லைக் கழற்றி, இடைவேளை முடியும்வரை போட்டுக்கொள் என்று தந்தாள். நான் நினைத்திருந்ததைவிட அது பாரமில்லாமல் இருந்தது.

ஒக்டோபரில், ஊர் அலுவலகத்து நேர்காணல் இளவேனிலுக்குத் தள்ளிப்போனது. இன்னும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நல்லதாப் போச்சு, படிக்க நாள் கிடைச்சிருக்கு என்று அப்பா சொன்னார். அமைச்சர்களின் பெயரை அவர் அப்போது தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை லேயாவும் அவளுடைய அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தபால்காரர் காகிதத்தில் சுற்றிய மான் இறைச்சி வத்தல் கொண்டுவந்திருந்தார். பொலிஸ் கதையை மகள் சொல்லிக் கேட்டாராம். அதை அப்பாவின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். அப்பா நடித்துக் காட்டினார். சாரம் அவிழ்ந்த இடத்தில் தபால்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா அவருக்குத் தேநீர் வைத்துக்கொண்டே, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

"கள்ளன் வந்தால் நீங்கள் சுடுவீங்களோ?" அப்பாதான் அதை மொழிபெயர்த்தார்.

"இரண்டு திறப்பையும் தேடி எடுப்பதற்குள் கள்ளன் சூரிச் போய்ச் சேர்ந்திருப்பான்," என்றார் தபால்காரர். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். "நான்கு துவக்கு. இருபது வருடமாக வைத்திருக்கிறேன். என் அலுமாரியைத் திறந்து பார்க்க இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை."

அப்பாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் மேசைமேல் இருந்த கைகளை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. தேநீர்க் கேத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். இவ்வளவு நல்ல பகிடிக்கு ஏன் சிரிக்காமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் லேயாவைப் பார்த்தேன். நான்கு துவக்கு இருந்தும் எட்டிப் பார்க்க ஒரு பொலிஸ்கூட வராத வீட்டில் பிறந்தவள். முதல்முறையாக அவள்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. பாவமாக இருந்தது.