இருபதாவது வாரம்

கடையிலோ ரயிலிலோ யாராவது முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்று இழுத்தால், லோவல் ப்ரூயிட் ஒருநாளும் உண்மையைச் சொன்னதில்லை. "ஹார்ட்வேர்ஸ் கடையில பாத்திருப்பீங்க" என்பார். சில நாள், "உங்க பல் டாக்டருக்குப் பக்கத்து வீடு" என்பார். ஒருமுறை கறிக்கடை வரிசையில் ஒரு பெண்மணி விடாமல் நச்சரிக்க, "உங்க கல்யாணத்துக்கு வந்திருந்தேன், நீங்கதான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, அவள் தன் கல்யாணக் கூட்டத்தில் அவரைத் தேடி முடிப்பதற்குள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

முப்பத்து மூன்று வருஷமாக நடீன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு எரிச்சல்தான் வந்தது.

"டிவியில பாத்திருப்பீங்கன்னு சொன்னா உன் வாய்முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க தெரியுமா? 'எதுல?'ன்னு கேப்பாங்க. நான் வரிசையா சொல்லணும். அவங்க ஒவ்வொண்ணுக்கும் தலைய ஆட்டி இல்ல, இல்லம்பாங்க. கடைசில நான்தான் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரணும்."

இது அடக்கமா, கர்வமா, வெறும் அலுப்பா என்று நடீனால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். தனக்குச் சேர வேண்டியதை வாய்திறந்து கேட்கிற பழக்கம் அந்த மனிதரிடம் இல்லை.

நெப்ராஸ்காவில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவரின் மகன். ராணுவத்திலிருந்து விடுபட்டு ஐம்பத்து நாலில் ஒரே பெட்டியோடு நியூயார்க் வந்து இறங்கினார். அதற்குப்பின் அவர் போடாத வேஷமில்லை. நீதிபதியாகப் பதினான்கு தடவை, பாதிரியாராக ஒன்பது தடவை. ஷெரிஃப், சவப்பெட்டி செய்பவர், ஹங்கேரிய வயலின் வாத்தியார், கொலைகாரன், கொலையுண்டவன். ஒரே நாடகத்தில் முதல் அங்கத்தில் பெண்ணின் அப்பாவாகவும் மூன்றாம் அங்கத்தில் அவளை ஏமாற்றும் வக்கீலாகவும் வந்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது விமர்சனம் எழுதியவருக்கே தெரியவில்லை. வக்கீலைப் புகழ்ந்து எழுதிவிட்டு, அப்பாவாக நடித்தவரை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று முடித்திருந்தார். அழகனைத் தேடி வருவார்கள். கோரமானவனையும் தேடி வருவார்கள். எதுவாகவும் ஆகிவிடுகிறவனை யார், என்னவென்று தேடுவது?

அவரைப் போல ஊரில் இன்னொருவர் இருந்தார். ஓட்டிஸ் வான்ஹார்ன். அதே வயது, அதே வழுக்கை, அதே தொப்பை. இரண்டங்குலம் உயரம் மட்டும் கூடுதல். எந்த நடிகர் தேர்வுக்குப் போனாலும் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

"வந்துட்டியா கிழவா? அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"உக்காருய்யா. பிஷப்புக்கு முடி வேணுமாம். ரெண்டு பேருமே வீட்டுக்குத்தான் போகப்போறோம்."

முப்பது வருஷம் ஒருவர் சோற்றை ஒருவர் தட்டிப் பறித்தபடியே சிநேகிதர்களாக இருந்தார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நடீனின் இடுப்பெலும்பு தேய்ந்துபோயிற்று. குவீன்ஸில் ஒரு லாண்டரியில் துணிகளைப் பிரித்துத் தைக்கிற வேலை அவளுக்கு. தையல் மிஷின் முன்னால் அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. ரயில் நிலையப் படியை ஒவ்வொன்றாக, கைப்பிடியோடு சண்டை போட்டு ஏறினாள். செயற்கை மூட்டு வைத்தால்தான் நடக்கலாம் என்றார் டாக்டர். அவள் வேலையில் மருத்துவக் காப்பீடு கிடையாது. லோவலின் நடிகர் சங்கத்தில் உண்டு, மனைவிக்கும் சேர்த்து. ஆனால் வருஷத்தில் இருபது வாரம் மேடையில் வேலை பார்த்திருந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு அட்டை தருவார்கள். அக்டோபர் கடைசியில் லோவல் சங்கத்துக்குப் போன் செய்து கேட்டார். பதினெட்டு என்றார்கள்.

"ஏப்ரல்ல டிரென்டன்ல ஒரு வாரம் பண்ணினியே, அதச் சேத்தா பத்தொன்பது வருமே" என்றாள் நடீன்.

"அது அவங்க கணக்குல இல்லையாம்."

"இல்லன்னா ஏன் இல்லன்னு கேளு."

"கேட்டேன். பதினெட்டுன்னுதான் சொன்னாங்க."

"இன்னொரு தரம் கேளு, லோவல்."

கேட்கவில்லை. அந்த வருஷம் சும்மா இருந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஜனவரியில் ஒரு படத்தில் நான்கு நாள் நீதிபதியாக உட்கார்ந்தார். பற்பசை விளம்பரத்தில் தாத்தாவாகச் சிரித்தார். சினிமாவுக்குச் சங்கம் வேறு, கணக்கு வேறு. அங்கேயும் கொஞ்சம் குறைந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாற்பது வருஷம் நின்றவருக்கு இரண்டு கரையிலும் இடமில்லை. படத்தையாவது பார்க்கலாம் என்று போனார்கள். வெட்டியது போக நீதிபதியின் பின்மண்டை மிஞ்சியிருந்தது.

நவம்பரில் ஒரு மதியம், ரயில் பாலத்தடியில் இருந்த சாப்பாட்டுக் கடையில் ஓட்டிஸ் அவர்களை உட்காரவைத்தார். மேலே ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காப்பியைக் குடிப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

"எனக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு" என்றார் ஓட்டிஸ்.

"எப்ப?" பதறினாள் நடீன்.

"வர்ற திங்கக்கிழமை. சரியா ரெண்டு வாரம் பிடிச்சிருக்கும்."

ஓட்டிஸ் அப்போது நாற்பத்தெட்டாம் தெருவில் ஒரு நாடகத்தில் ஹோட்டல் வாயில்காப்போனாக நடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அங்கத்தில் பதினோரு வரி. முதுகு பிடித்துக்கொண்டால் மாற்றாள் வேண்டும். அதே தொப்பையோடு, அந்த வாரமே ஏறி நிற்கக்கூடிய மாற்றாள் நியூயார்க்கில் ஒருவர்தான். பழைய நடிகர்கள் இப்படி ஒருவருக்கொருவர் வாரம் கொடுத்துக்கொள்வது புதிதில்லை. யாரும் வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான்.

"உனக்கு எத்தனை வாரம் ஆச்சு?" என்று கேட்டார் லோவல்.

"பத்தொன்பது. டிசம்பர்ல ஒரு வாரம் நின்னாப் போதும். ஈஸ்டர் வரைக்கும் டிக்கெட் வித்திருக்காங்கய்யா. எனக்கென்ன அவசரம்?"

அவசரம் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. பிப்ரவரியில் எடுக்கவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். சாப்பாட்டுக் கடையின் பட்டியல் அட்டையை அவர் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்ததை நடீன் பார்த்தாள். பார்த்தும் பேசாமல் இருந்தாள். இடுப்பு அப்படி வலித்தது.

மேடை நிர்வாகி ரோசலிண்டுக்கு இதெல்லாம் அத்துப்படி. "முதுகா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாளாம். ஓட்டிஸ் யோசித்து, "எந்தப் பக்கம் வசதி?" என்றாராம். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

வாயில்காப்போனின் கால்சட்டையை இரண்டங்குலம் மடித்துத் தைத்தது நடீன்தான். முதல் வாரம் நன்றாகப் போயிற்று. பதினோரு வரிக்கு மூன்று இடத்தில் சிரிப்பு வந்தது. ஓட்டிஸுக்கு இரண்டு இடத்தில்தான் வருமாம். "அந்த மூணாவது சிரிப்ப எங்கடா கண்டுபிடிச்ச?" என்று போனில் பொருமினார்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, ரோசலிண்ட் கொடுத்த இலவச டிக்கெட்டில் நாடகம் பார்க்கலாமென்று நடீன் ஊன்றுகோலோடு வந்தாள். நடிகர்கள் நுழையும் பின்வாசலில், அறிவிப்புப் பலகை முன்னால், எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். கதாநாயகன் படத்தில் நடிக்கப் போகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு நாடகம் மூடப்படுகிறது. நான்கு வரித் தாள். அதிலும் 'நன்றி' என்பதில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள்.

ஓட்டிஸுக்கு டிசம்பர் கிடையாது.

ரோசலிண்ட் லோவலைத் தனியே அழைத்தாள். "நேத்து ஆட்டம் இல்ல. இந்த வாரத்துக்கு இன்னும் யார் பேரையும் நான் எழுதி அனுப்பல. இன்னைக்கு ராத்திரி ஆட்டத்துக்கு ஓட்டிஸோட முதுகு சரியாயிடுச்சுன்னா, வாரம் முழுசும் அவர் பேர்ல போயிடும். ஏழரைக்குள்ள சொல்லிடுங்க."

பின்வாசல் பக்கம் சுவரில் ஒரு காசு போன் இருந்தது. மணி ஆறே முக்கால். லோவல் நம்பரைச் சுற்றினார். நடீன் பக்கத்திலேயே நின்றாள்.

"நீ வந்துடு ஓட்டிஸ். டாக்ஸி பிடிச்சு வா."

போனின் அந்தப் பக்கக் குரல் நடீனுக்கும் கேட்டது. "உனக்கு எத்தனை ஆயிருக்கு?"

"பத்தொன்பது."

"எனக்கும் பத்தொன்பது. இடுப்பு பெரிசா, கண்ணு பெரிசா? நான் நல்லா நடக்கிறேன், டிவி பாக்கிறேன். அவ படி ஏற முடியாம நிக்கிறா. நீயே போடு."

"ஓட்டிஸ்..."

"வருஷம் முடிய இன்னும் நாலு வாரம் இருக்குய்யா. ஒரே ஒரு வாரம், எங்கயாவது கிறிஸ்மஸ் தாத்தா வேஷமாவது கிடைக்கும். வை போன."

லோவல் போனைக் கையில் பிடித்தபடி நடீனைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது என்று தனக்குத்தானே பல வருஷம் சொல்லிக்கொண்டாள். வந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஏழு மணிக்கு லோவல் மடித்துத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஓட்டிஸுக்குக் கிறிஸ்மஸ் தாத்தா கிடைக்கவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நடீன்தான் பிரித்தாள். மொத்தம்: இருபத்தொன்று. டிரென்டன் நாடகக்காரர்கள் ஏப்ரல் மாதத்துக் காகிதத்தை டிசம்பரில் அனுப்பியிருந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை, காசு போன் முன்னால் நின்றபோதே, லோவலுக்கு இருபது முடிந்திருந்தது.

அவள் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இன்னொரு தரம் கேளுன்னு சொன்னேன்" என்றாள்.

"சொன்ன."

"ஒரு போன், லோவல். ஒரே ஒரு போன்."

"தெரியுது நடீன்." கடிதத்தை நான்காக மடித்தார். "ஓட்டிஸ்கிட்ட நீ எதுவும் பேசாத. நானே சொல்லிக்கிறேன்."

பிப்ரவரியில் அவளுக்கு மூட்டு வைத்தார்கள். மே மாதம் ஊன்றுகோலில்லாமல் படி ஏறினாள். ஓட்டிஸ் பூங்கொத்தோடு பார்க்க வந்து, வாசலில் இருந்த பூனையை மிதித்துவிட்டார். தேர்வுகளில் அந்த இடத்திலேயே ஒரு தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். ஓட்டிஸ் தாளை நீட்டிப் பிடிப்பார், கிட்டே பிடிப்பார், வரியை விடுவார். இருவரில் யாருக்கு என்ற கேள்வியே அந்த வருஷம் எழவில்லை. இரண்டு நாடகமும் மூன்று படமும் லோவலுக்கே வந்தன. ஒவ்வொரு இடத்திலும் "வான்ஹார்ன்னு ஒருத்தர் இருக்கார்" என்று லோவல் சொல்லிப் பார்த்தார். "உங்களை மாதிரியே ஒருத்தர் எதுக்கு, அதான் நீங்க இருக்கீங்களே" என்றார்கள்.

தொண்ணூற்று மூன்றின் வசந்தத்தில் பன்னிரண்டு வார நாடகம் ஒன்று அமைந்தது. கிராமத்து டாக்டர் வேஷம், மூன்று அங்கத்திலும் உண்டு. "நாலாவது வாரம் எனக்கு முதுகு பிடிச்சிக்கும்" என்று நடீனிடம் சொன்னார். நான்காவது வாரம் ஒரு பத்திரிகை அவர் பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், தனி வாக்கியத்தில் எழுதியது. நாற்பது வருஷத்தில் முதல் தடவை. "அடுத்த வாரம்" என்றார். ஆறாவது வாரம் ஒரு இயக்குநர் பார்க்க வருவதாகப் பேச்சு. "அடுத்த வாரம்." எட்டாவது வாரம் நடீன் எதுவும் கேட்கவில்லை. அவர் சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். பன்னிரண்டு வாரமும் ஓடி முடிந்தது. அவர் முதுகு இரும்பாக இருந்தது.

அதை நடீன் மன்னிக்கவில்லை. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? வாழ்நாளில் ஒருமுறை அந்த மனிதர் தனக்குச் சேர வேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் முப்பது வருஷமாகக் கேட்டது அதைத்தானே?

ஓட்டிஸ் அந்தக் கோடையில் அறையைக் காலி செய்துவிட்டு டொலீடோவில் தங்கை வீட்டுக்குப் போனார். அறுபத்தைந்து வயது ஆனபின் அரசாங்கக் காப்பீட்டில் கண் புரையை எடுத்தார்கள். ஒன்றில் பாதிப் பார்வை திரும்பியது.

தொண்ணூற்றேழு அக்டோபரில், பிட்ஸ்பர்க்கில் ஒரு படத்துக்குப் போன இடத்தில், ஒப்பனை நாற்காலியிலேயே லோவல் போய்விட்டார். பாதி ஒட்டிய மீசையோடு. அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு காலையில் ஓட்டிஸ் போன் செய்தார்.

"வர முடியல நடீன். இருட்டினா பஸ் ஏற பயமா இருக்கு."

"பரவாயில்ல ஓட்டிஸ்."

"நல்லா நடக்கிறியா?"

"நல்லா நடக்கிறேன்."

"அப்ப சரி. அந்தக் கிழவன் ஒரு வாரம் எனக்குத் தரணும், அதுக்குள்ள தப்பிச்சு ஓடிட்டான் பாரு." சிரித்தார். இருமினார்.

நடீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஓட்டிஸ், லோவலுக்கு அந்த ரெண்டாவது வாரம் தேவைப்படல. டிரென்டனைப் பின்னால சேத்துட்டாங்க. அன்னைக்கே அவருக்கு இருபது ஆயிருந்தது. உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

டொலீடோ வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை ஓட்டிஸ் அணைப்பது கேட்டது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஜனவரியில."

"எந்த ஜனவரி?"

"அதே ஜனவரிதான்."

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் ஓட்டிஸ். பேச்சில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி இருந்தது. "அதுக்கப்புறம் எத்தனை தரம் போன் பண்ணியிருப்பான். என் பிறந்தநாளுக்குக்கூட..."

"மன்னிச்சுக்குங்க ஓட்டிஸ்."

"நீ எதுக்கும்மா கேக்கிற?" என்றார் அவர். "இது அவன் வாயால வரவேண்டியது."