சூரனுக்கு ஏன் பாரணை?

பாரிசின் லாச்சப்பல் முழுக்கத் தேடினாலும் ஸ்ரீஸ்கந்தராசாவைப் போல் சூரன் ஆட்ட ஒருவர் கிடைக்கமாட்டார். வீடு புறநகர் செவ்ரானில், வேலை லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில். அரிசி மூட்டை சுமக்கும் அதே தோளில்தான் சூரனின் சிலையையும் சுமப்பார். கந்தசஷ்டி வந்துவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் நிற்காது.

2014இல் அந்தக் குதூகலத்தில் ஒரு பிழை விட்டார். மிளகும் தண்ணீரும் மட்டும் என்று விரதம் பிடித்தவர், சாப்பாட்டோடு சேர்த்து இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் குளிசையையும் நிறுத்திவிட்டார். மனைவி ஜெகதீஸ்வரியிடம் மூச்சு விடவில்லை.

சூரசம்காரத்தன்று மண்டபம் அதிர ஆடினார். சனம் கூவக் கூவச் சூரன் துள்ளினான். திடீரென்று அவர் முதுகுக்குள் சீலை கிழிவது போல ஒரு வலி! சூரனோடு அப்படியே சாய்ந்தார். என்ன நடிப்பு என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஜெகதீஸ்வரி மட்டும் வெளிறிப்போன அந்த முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய் அம்புலன்சைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜிஸ்லேன் விளக்கினார். அழுத்தம் ஏறி, பெருநாடியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது. நெஞ்சைத் திறந்து தைத்தாலும் எல்லோரும் பிழைப்பதில்லை. தாமதிக்கத் தாமதிக்க ஆபத்து ஏறும். நல்ல வேளை, சீக்கிரம் வந்துவிட்டார். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் இன்னும் போகிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டார். ஆறு நாளைக்கு முன்பு என்றதும் மனிதர் திகைத்துப்போனார். வெறும் வயிறு அவருக்கு வசதிதான், ஆனால் இத்தனை வெறுமையை அவர் கண்டதில்லை.

நம்மவரோ, நாளைக் காலை பாரணைச் சோறு சாப்பிட்டு விரதத்தை நிறைவாக்கிய பிறகு வெட்டலாம் என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜிஸ்லேன் கெஞ்சினார். அவர் அசையவில்லை.

ஜெகதீஸ்வரி கண்ணீரோடு குனிந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. விழேக்கை நீங்கள் சூரனாத்தானே விழுந்தனீங்கள்? சூரனுக்கு ஏனப்பா பாரணை?"

அந்த வலிக்குள்ளும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம் என்ன, அதுவும் சரிதான்," என்றார். "வெட்டச் சொல்லு."

கிழிந்த பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். ஜெகதீஸ்வரி எத்தனை நேர்த்திக்கடன் வைத்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. அவர் கண் விழித்துப் பேசத் தொடங்கியபோது அறை வாசலிலேயே ஆடியிருப்பாள், தாதி பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டாள். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்ற செய்தியை மெதுவாகச் சொன்னாள்.

அவர் தன் தோளைத் தடவினார்.

"அப்ப வாற வருசம் நான் முருகன்ரை பக்கம் மாறுறன்."

"மாறுங்கோ. முதல்லை குளிசையைப் போடுங்கோ."

வாயைத் திறந்தார்.