கல்லெறிந்தவனின் அம்மா

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் சித்தூர்ப் பக்கம் எந்த ஊர் யாருக்கு என்ற சண்டை சூடாக இருந்த காலம். நான் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு லீவில் ஊருக்குப் போக நகரி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் ஒரே கூச்சல். தெலுங்குப் பெயர்ப்பலகையைக் குறிவைத்து நம் தமிழ் ஆட்கள் எறிந்த கல், பலகையை விட்டுவிட்டு என் இடது கண்ணில் வந்து விழுந்தது. தமிழைக் காப்பாற்றக் கிளம்பிய கல்லுக்கு ஒரு தமிழச்சியின் கண்தானா கிடைத்தது! கீழே சரியும்போது, கையில் அடுத்த கல்லோடு திகைத்து நின்ற ஒரு வாலிபனின் முகத்தைப் பார்த்தேன்.

கண் போய்விட்டது. "ஏன் ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?" என்று ஜெபத்திலேயே சண்டை போட்டேன். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கையில், பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லும் அந்த வரி வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன்.

காயம் ஆறி வேலைக்குத் திரும்பியதும், எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கண் வார்டுக்கு மாற்றினார். அப்போதெல்லாம் கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல்மூட்டை வைத்துப் படுக்கப் போடுவோம். பயத்தில் கட்டைப் பிய்த்துக்கொண்டு எழுந்தவர்கள் உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் இப்படித்தாங்க கெடந்தேன்" என்றால் போதும், அடங்கிவிடுவார்கள். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். இதற்காகத்தானோ என்று முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலை, பார்வை மங்கிப்போன ஓர் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தான் ஒரு நெசவாளி. ஐயோ, அதே முகம்! என் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கும் புரிந்துவிட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

போகட்டுமே என்று நின்றேன். என் கண்ணைப் பறித்தவனின் அம்மா குருடியானால் எனக்கென்ன? அப்படி நினைத்த மறுகணமே என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. சே, நானா இப்படி நினைத்தேன்! "ஆண்டவரே, அவனை மன்னிச்சேன், மன்னிச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன் பாருங்கள், வெள்ளைச் சேலையோடு, செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்! நகரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தாவி ஏறினேன்.

"இன்னாத்துக்கு ஓட்றே? அம்மாவைக் கூட்டிக்கினு எறங்கு!"

அவன் என் காதோடு சொன்னான்: "வாணாம் சிஸ்டரம்மா. என் மேல கோவத்துல மருந்தை மாத்தி ஊத்திட்டீங்கன்னா?"

"கண்ணு போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்பா. உங்கம்மாவுக்கு அது வாணாம். எறங்கு!"

கண்டக்டர் கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். கடைசியில் இறங்கினான்.

ஆபரேஷன் நடந்தது. மணல்மூட்டைகளுக்கு நடுவே கிடந்த அந்த அம்மா என் கையை விடவே இல்லை. கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அந்த அம்மா இமையைக் கொட்டிக் கொட்டி என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"அடிப்பாவமே! உன் கண்ணுக்கு இன்னா ஆச்சும்மா? எந்தப் பாவி பண்ணான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் கட்டிலடியில் தடாலென்று விழுந்தான். "நான்தாம்மா அந்தப் பாவி."

பளார்! பார்வை வந்ததும் அந்த அம்மா செய்த முதல் காரியம், மகன் கன்னத்தில் ஓர் அறை. அடுத்த அறைக்குக் கை ஓங்கியவரை எட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஆடாதீங்கம்மா, தையல் பிரிஞ்சுடும்! அவனை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்று அதட்டினேன். அவர் அழ, அவன் அழ, நான் சிரித்துக்கொண்டே அழ, அன்றைக்கு எங்கள் வார்டில் வேலையே ஓடவில்லை.

அவனாக வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்காதவன் பின்னால் ஓடிப்போய்க் கொடுக்க வைத்தாரே ஆண்டவர், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.