ரோஸ்லின் கிழித்துப் போட்ட ஆறு தொடக்கங்கள்

ரோஸ்லின் போய்விட்டார் என்ற செய்தி காலை ஏழு மணிக்கு எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. துறைத்தலைவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அடுத்த நிமிடமே எனக்குத் தனியாக, ‘அந்தக் கோழிப்பண்ணைக் கட்டுரையை இந்த வாரம் அனுப்பிவிடலாமே?’ என்று கேட்டிருந்தார். சீ! போனைக் கட்டிலில் வீசினேன். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டுக்குக்கூட வந்திருக்கவில்லை.

ரோஸ்லினோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கட்டுரை தெரியும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை எடுக்கும் பெண்களின் மூச்சுத் தொல்லை பற்றியது. இருவரும் சேர்ந்துதான் அலைந்தோம். நான் அட்டவணைகளை முடித்துவிட்டேன். அவர் முதல் பத்தியிலேயே நின்றார். விடைத்தாளில் மிஞ்சிய வெள்ளைப் பக்கத்தில் ஒரு தொடக்கம் எழுதுவார். அதைப் பண்ணைக்கு எடுத்துப்போய், டீ நேரத்தில், அங்கே பல வருடமாக முட்டை எடுக்கும் பாவாயியிடம் படித்துக் காட்டுவார். பாவாயி நிறுத்தாமல் டீயை உறிஞ்சினால் தாள் அங்கேயே கிழியும்.

“எங்கூட்டுக்காரரு பேசறாப்பல இருக்குதுங்க, ஒண்ணும் காதுல ஏறல” என்றார் பாவாயி ஒருமுறை. ரோஸ்லின் சிரித்துக்கொண்டே அதையும் கிழித்தார். எனக்கு எரிச்சல்.

“ஏனுங்க மேடம், இது ஆராய்ச்சியா, பட்டிமன்றமா?”

“முதல் வரியில பொய் சொன்னா, மிச்சப் பக்கமெல்லாம் அதுக்குக் காவல் காக்கணும் சார்.”

இப்படி ஆறு போயின. ஏழாவது: ‘கொட்டகைக்குள் நுழையும் முன் பாவாயி மூச்சை இழுத்து அடக்கிக்கொள்கிறார். அது தீரும்வரை முட்டை எடுக்கிறார்.’

பாவாயி டம்ளரைக் கீழே வைத்தார். “இத நா யாருகிட்டயுஞ் சொல்லலீங்களே சாமி!”

“நீங்க சொல்லலைம்மா. வாசல்ல நின்னு பாத்தேன்.”

பண்ணைக்காரர் எங்கள் கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர். துறைத்தலைவர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘முட்டை உற்பத்தியில் நாமக்கல்லின் பங்கு மகத்தானது’ என்று எழுதினார். இருவரையும் ஒப்புதல் கையெழுத்துப் போடச் சொன்னார். ரோஸ்லின் மறுத்தார், கட்டுரை அங்கேயே நின்றது. நான் போட்டேன். பதவி உயர்வு ஆசை கண்ணை மறைத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “வாங்க சார், டீ ஆறிடும்” என்றார்.

போன வாரம் இரங்கல் கூட்டம். துறைத்தலைவர் மைக்கைப் பிடித்தார். “கல்விப் பணியில் பேராசிரியர் ரோஸ்லினின் பங்கு மகத்தானது” என்று தொடங்கினார். அதே வாக்கியம்! முட்டை இருந்த இடத்தில் செத்துப்போன மனுஷி. முன்வரிசையில் தலையாட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாவாயி, கொடுத்த டீயை நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கினேன். கிழித்தேன். இன்னும் மூன்று கிழிந்தன. ஏழாவது தொடக்கம் இல்லாமல் கட்டுரை போகாது, போனால் என் பெயர் இல்லாமல் போகட்டும் என்பதுதான் விஷயம். அதற்கு முதல் வரி கிடைத்ததும் பண்ணைக்குப் போனேன்.

ரோஸ்லினிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஏழாவது தாளும் இந்தப் பழக்கமும்தான்.

“நான் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன்” என்று படித்தேன்.

பாவாயி டம்ளரைக் கீழே வைத்தார்.