தீப்பெட்டி மேல் அக்கா

ஆறாம் வகுப்பு படித்தபோது ஜப்பான் கார்ட்டூனுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு அது தமிழ் பேசிக்கொண்டு டிவியில் வரும். அனிமே என்ற சொல் கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அப்போது வந்து சேரவில்லை. ஐந்து வீரர்கள், அவர்களில் ஒருத்தி பெண். அன்றன்று யார் ஜெயித்தார்கள், யாருக்கு எங்கே அடி என்று கட்டம் போட்டு எழுதுவேன். ஆண்களுக்கு நேராக நெற்றி, தோள், கால் என்று வரும். அவளுக்கு நேராகப் பெரும்பாலும் ‘துணி’ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அடி விழுந்தால் அவர்களுக்கு ரத்தம் வரும், அவளுக்குச் சட்டை கிழியும். மற்றபடி அழுவாள், அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுவிடுவாள், தலைவனின் பெயரைச் சொல்லிக் கத்துவாள். எனக்கு இதில் ஒன்றும் வினோதமாகப் படவில்லை. ஜப்பானில் துணி மட்டமாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஆறாவது ஆளாக என் அக்காவைச் சேர்ப்பது என் திட்டம். அக்கா பதினொன்றாம் வகுப்பு. பள்ளி ஹாக்கி அணியில் ஒன்பதாம் எண் சட்டை. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு கிடையாது. ஆனால் பெண்பிள்ளை மட்டை பிடிப்பதற்கு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் அனுமதி புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷ அனுமதி அவளுக்கு முக்கியம். மாதக் கடைசியில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு இருந்தது. அதில் அவளை எடுத்துக்கொண்டால் தங்குவதும் படிப்பதும் ஆடுவதும் அங்கேயே. அதற்காக விடியுமுன் எழுந்து கரிசல் காட்டுப் பாதையில் ஓடுவாள். மழை பெய்த மறுநாள் ஷூவில் அப்பிய மண் அவளை இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கும்.

ஒரு முழு விடுமுறை நாள் உட்கார்ந்து அவளை முதலில் நோட்டிலும் பிறகு அதே மாதிரி ஒரு பெரிய தாளிலும் வரைந்தேன். கார்ட்டூன் முகம், பெரிய கண், ஒன்பதாம் எண், இடது புருவத்தில் பந்து பட்ட தழும்பு, கையில் மட்டை, மட்டை நுனியில் நெருப்பு.

“நல்லாருக்குட்டி,” என்றாள் அக்கா. பிறகு தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “ஆனா என் கை எங்கட்டி? இந்தக் கையை வச்சு நான் பந்தை எப்பிடி அடிக்க?”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பெரியப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பெரியப்பா அலமாரியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“ஏட்டி, நீயா வரைஞ்ச? புது மார்க்குக்கு லேபிள் இல்லாம அலையுதேன், நீ வீட்டுக்குள்ள வச்சிருக்கியே! இதைத் தந்திரு. உனக்குக் கலர் பென்சில் வாங்கித் தாரேன்.”

பெருமையில் எனக்குக் காது சுட்டது. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் மைதானத்தில் இருந்தாள்.

புது மார்க்கில் தீப்பெட்டி வந்தால் முதல் பண்டலை ஊர் டீக்கடைகளுக்கு இனாமாகக் கொடுப்பது பெரியப்பாவின் வழக்கம். மீதியெல்லாம் வடக்கே போய்விடும். அந்தத் தடவையும் கொடுத்தார். எனக்கு ஒரு பெட்டியும் இருபத்துநான்கு கலர் பென்சிலும் வந்தன. பெட்டியை என் நோட்டிலிருந்த முதல் பிரதியோடு வைத்து ஒப்பிட்டேன். ஏழு வித்தியாசங்கள் இருந்தன. அரைக்கால் சட்டை குட்டைப் பாவாடையாகியிருந்தது. மேல்சட்டை சுருங்கியிருந்தது. ஷூ போய் குதிகால் செருப்பு வந்திருந்தது. முழங்காலின் சிராய்ப்பு இல்லை. உதட்டில் சாயம். பந்து இல்லை. ஏழாவதாக, அவள் முன்பு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது பெட்டியைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஒன்பதாம் எண்ணையும் புருவத் தழும்பையும் அச்சகத்துக்காரர் மிகவும் நேர்மையாக அப்படியே விட்டிருந்தார்.

இரண்டு நாளில் டீக்கடை பெஞ்சு அவளை அடையாளம் கண்டுகொண்டது. நானும் அவளும் மைதானத்திலிருந்து திரும்பும்போது ஒருத்தன் பெட்டியை ஆட்டிக் காட்டினான்.

“ஏலே, தீப்பெட்டி போகுதுல!”

“ஏ தீப்பெட்டி, ஒரு குச்சி தந்துட்டுப் போயேன்!”

அக்கா நடையை வேகமாக்கவில்லை. மட்டையை மட்டும் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். பெஞ்சு கொஞ்சம் அடங்கியது.

வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பெட்டியை அவர்களுக்கு நடுவில் வைத்தாள்.

“இது நான். இதை நிறுத்தச் சொல்லுங்கப்பா.”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார்.

“வடக்க போற சரக்கு தாயி. வாங்குதவன் கண்ணுக்கு நிக்கணும்ல? டிசைன் போடுதவன் அந்தக் கார்ட்டூன்ல வாறது மாதிரிதான் போட்டிருக்கான். உன் தங்கச்சி தெனமும் உக்காந்து பாக்குததுதானே?” கிளம்பும்போது வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: “வயசுப்பிள்ளைய மட்டையோட ரோட்டுல விட்டா நாலு பேரு பேசத்தான் செய்வான். பாத்துக்கோ.”

அவர் போனதும் அக்கா மறுபடி கேட்டாள். அப்பா காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “அச்சடிச்சாச்சு. அண்ணன்கிட்ட நான் எப்பிடிக் கேக்க?” என்றார். படத்தை மாற்ற முடியாது, ஆளை மாற்றலாம் என்று முடிவாயிற்று. விடுதித் தேர்வுக்குப் போக வேண்டாம். மைதானமும் வேண்டாம். அம்மா மட்டையை ஒரு பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

என்னிடம் ஆதாரம் இருந்தது. ஏழு வித்தியாசங்களையும் எண் போட்டு எழுதிய பக்கத்தை அப்பாவிடம் நீட்டினேன். தப்பு யாருடையது என்று எழுத்தில் இருந்தால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்பது என் நம்பிக்கை. அப்பா முழுவதும் படித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்கன பாரு. பாவாடை நீளத்தைக்கூட அளந்து வச்சிருக்கா, இந்த வயசுல.”

அன்றோடு ஐந்தரை மணி கார்ட்டூனும் நின்றது. பெரியப்பாவின் மார்க் மூன்று வருஷம் ஓடியது. அக்கா பி.காம். படித்தாள், கழுகுமலையில் கல்யாணமாகிப் போனாள். பரணிலிருந்து மட்டையை அவள் கேட்கவும் இல்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

இப்போது எனக்கு ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களின் வரைபடத்தையும் செய்து வந்த பாகத்தையும் ஒப்பிட்டு, பிசகை எழுதிக் கொடுக்கிற வேலை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த நோட்டு கிடைத்தது, உள்ளே அந்தப் பெட்டியின் மேலட்டையும் இருந்தது. ஏழு வித்தியாசங்களும் சரிதான். ஆனால் நான் லேபிளை என் படத்தோடுதான் ஒப்பிட்டிருந்தேன். என் படத்தை அக்காவோடு ஒப்பிடவில்லை. அவள் கறுப்பு, சட்டைக்கும் நெருப்புக்கும் கலர் அடித்துவிட்டு முகத்தை வெள்ளையாக விட்டிருந்தேன். தினமும் மட்டை சுழற்றி முறுக்கேறி, நரம்பு புடைத்த முன்கை அவளுக்கு. அதை ஐந்தரை மணிக்காரியின் கை மாதிரி, மணிக்கட்டே இல்லாமல் இழுத்திருந்தேன். அப்படி வரைந்தால்தான் அழகு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கே கற்றேன் என்று அன்று தெரியவில்லை. அவள் கேட்ட கேள்வியையும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

அச்சகத்துக்காரர் ஏழு இடத்தில் மாற்றினார். கையை அவர் தொடவில்லை. மாற்ற அதில் ஒன்றும் இருக்கவில்லை.